துடுப்பு நட்ட இடம்

நண்டுமேட்டுக்குப்பத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஓரிடத்தில் மாப்பிள்ளை முட்டி போட்டுத் தவழ்ந்தாக வேண்டும். இதைக் குலவழக்கம் என்று யாரும் எழுதி வைத்துவிடக் கூடாது. குப்பத்துக்கும் எண்ணூர் விரைவுச்சாலைக்கும் நடுவில் டிரெய்லர் லாரிகள் நின்றன, அவ்வளவுதான் காரணம். துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை, முதுகில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு, திருவொற்றியூர் தாண்டி நின்றன. நடுவில் ஆள் நுழையச் சந்து கிடையாது. வெளியே போகிறவர்கள் டிரெய்லருக்கு அடியில் குனிந்து, அச்சுக்குக் கீழே தவழ்ந்து, மறுபக்கம் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படிப் போனார்கள். தபால்காரர் அப்படி வந்தார். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையும் அப்படித்தான் போனார். பேண்டு வாத்தியக்காரர் மட்டும் பெரிய டிரம்மை இந்தப் பக்கமே விட்டுவிட்டு மீதியை வாசித்தார்.

லாரி ஓட்டுநர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் நாமக்கல்லில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து இங்கே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, முன் பம்பரில் கட்டி, அதில் புதினா வளர்த்தார். அது துளிர்த்துத் தழைத்து, அவர் துவையல் அரைத்துச் சாப்பிட்ட பிறகும் அவருடைய முறை வரவில்லை. அந்தச் சாலைக்கு விரைவுச்சாலை என்று பெயர் வைத்தவர் நேரில் வந்து பார்த்திருக்க மாட்டார்.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரு காலை நேரத்தில் எத்திராஜின் மனைவி பவானி மீன்கூடையைத் தள்ளிக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, முந்தின நாளெல்லாம் அசையாமல் நின்ற வரிசை திடீரென்று அசைந்தது. பவானி உருண்டு தப்பினாள். கூடை தப்பவில்லை. வஞ்சிரமும் சங்கராவும் தாரோடு தாராகிவிட்டன. ஓட்டுநர் இறங்கி வந்து அவளைவிட அதிகமாக அழுதார். எத்திராஜ் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவன். கடலில் எதற்கும் பயந்தவன் இல்லை, கரையில் எதற்கும் கோபப்பட்டவனும் இல்லை. அன்றைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியாததால் மனு எழுதினான்.

மனு கொடுக்கத் தோதாக அப்போதுதான் ஒரு ஆணையம் பிறந்திருந்தது. வடபகுதி வாகன நிறுத்தச் சீர்திருத்த ஆணையம் என்று பெயர். வடசென்னையில் எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, நின்றால் என்ன கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்கு செய்து, அதன் மூலம் நகரத்தையும் போக்குவரத்தையும் மேம்படுத்துவது அதன் வேலை. அலுவலகம் நகரத்தின் தெற்கே இருந்தது. வடக்கில் அலுவலகம் வைத்தால் வண்டி நிறுத்த இடம் இல்லை என்று அதிகாரிகள் சொன்னதால் இந்த ஏற்பாடு.

இரண்டு பஸ் மாறி அங்கே போனான் எத்திராஜ். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். அவனுடைய வாகன எண்ணைக் கேட்டாள். வாகனம் இல்லை என்றான். வாகனம் இல்லாதவருக்கு வாகன நிறுத்தத்தில் என்ன குறை இருக்க முடியும் என்று அவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். லாரிக்கு அடியில் போகிறவர்கள் புகார் கொடுக்க எந்தப் பிரிவு என்றான் எத்திராஜ். அவள் யோசித்துவிட்டு, லாரிக்காரரை வரச் சொல்லுங்கள் என்றாள்.

படியிறங்கும்போது யாரோ தோளில் தட்டினார்கள். தயாளன்.

தயாளன் காலடிப்பேட்டைக்காரன். எத்திராஜும் அவனும் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. லீவு விட்டால் தயாளன் குப்பத்தில்தான் கிடப்பான். அங்கேதான் நீச்சல் கற்றான், அங்கேதான் நண்டு உடைத்துத் தின்னக் கற்றான். எத்திராஜ் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனான். தயாளன் படித்துப் பொறியாளராகி இப்போது அந்த ஆணையத்தில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதை ஒதுக்கிவிட்டு எத்திராஜைக் கட்டிக்கொண்டான்.

"இன்னா மாமு, என்கைல ஒரு வார்த்த சொல்லாம இங்க வந்து நின்னுகினு கீறே" என்றான். எத்திராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தெற்கே வந்த பிறகு அப்போதுதான் தன் பாஷை அவன் காதில் விழுந்தது.

வாகன எண் சிக்கலைத் தயாளன் ஒரு நொடியில் தீர்த்தான். படகுக்குப் பதிவு எண் உண்டா என்று கேட்டான், உண்டு என்றதும் அதையே வாகன எண்ணாக எழுதினான். மனு ஏற்கப்பட்டது. வீட்டுக்கு வந்து எத்திராஜ் பவானியிடம், நம்மாளு ஒருத்தன் உள்ள கீறான், இனி பேஜாரு இல்ல என்றான்.

இந்த இடத்தில் குப்பத்தின் கரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடல் அரித்து வீடுகளை விழுங்க ஆரம்பித்ததும் அரசாங்கம் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டியது. கல்லின் மேல் படகை ஏற்ற முடியாது. நண்டுமேட்டுக்குப்பத்துக்கு மிஞ்சியது கல் விழாத ஒரே ஒரு மணல் பட்டை. குப்பத்துப் படகுகள் எல்லாம் அதில்தான் ஏற வேண்டும். யாருடைய படகு எங்கே என்பதில் சண்டை வரக் கூடாது என்று ஊருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடலுக்குப் போகிறவன் தன் படகு நின்ற இடத்தில் ஒரு துடுப்பை நட்டுவிட்டுப் போவான். துடுப்பு நிற்கும்வரை அது அவன் இடம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட அதில் கால் வைக்க மாட்டான். இன்ஜின் வந்த பிறகு துடுப்புக்குக் கடலில் வேலையில்லை, ஆனாலும் இதற்காகவே எல்லோரும் ஒன்று வைத்திருந்தார்கள். நட்ட துடுப்பை வேறொருவர் பிடுங்குவது ஒரே ஒரு சமயத்தில்தான். போனவன் இனித் திரும்பமாட்டான் என்று ஊர் முடிவு செய்யும் நாளில், அவனுக்கு மிக நெருங்கியவர் ஒருவர் வந்து துடுப்பைப் பிடுங்கி மணலில் படுக்க வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவார். அதற்குப் பிறகுதான் பெண்கள் அழுவார்கள்.

ஆறாவது படிக்கும்போது தயாளன் ஒரு தடவை கிரிக்கெட் ஸ்டம்புக்காக ஒரு துடுப்பைப் பிடுங்கினான். துடுப்புக்கு உரிய படகுக்காரனின் மனைவி அந்த வழியே வந்து வெறும் மணலைப் பார்த்துவிட்டுக் கீழே விழுந்து அலற, குப்பமே கூடி மாரடித்துவிட்டது. சாயங்காலம் அந்தப் படகுக்காரன் கூடை நிறைய நெத்திலியோடு வந்து இறங்கி, செத்தது யார் என்று விசாரித்தான். தயாளனைத் தேடிப் பிடித்து, ஊர் நடுவில் நிறுத்தி, துடுப்பை மறுபடி நடவைத்து, அதன் காலில் விழவைத்தார்கள். பயத்தில் அவனுக்கு ஜுரம் வந்து, எத்திராஜின் அம்மா வேப்பிலை அடித்தாள்.

மனுவின் பேரில் ஆணையம் சுறுசுறுப்பானது. எத்திராஜைப் பயனாளிகளின் பிரதிநிதியாக நியமித்துக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். கூட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. தலைவர் தம் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு வந்தார். எல்லோரும் எழுந்து நின்று, வண்டியை உரிய இடத்தில் மட்டுமே நிறுத்துவேன் என்று உறுதிமொழி எடுத்தார்கள். எத்திராஜும் கையை நீட்டி எடுத்தான்.

வெளிநாடுகளில் வாகன நிறுத்தத்தைப் பார்வையிட்டுத் திரும்பிய ஆலோசகர் ஒருவர் பேசினார். நிறுத்த இடம் கொடுத்தால் வண்டிகள் பெருகும், கொடுக்காவிட்டால் சாலையில் நிற்கும், ஆகவே கொடுப்பது போலவும் கொடுக்காதது போலவும் இருப்பதுதான் நவீனக் கொள்கை என்று விளக்கினார். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு மீனவ நண்பர் பேசட்டும் என்றார். எத்திராஜ் எழுந்து நின்றான். தயாளன் பின்னாலிருந்து முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

"ரோட்டுல வண்டி நிக்கக் கூடாதுங்க. அவ்ளோதான்" என்றான் எத்திராஜ்.

தலைவர் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். இத்தனை மாதமாகத் தாங்கள் தேடிக்கொண்டிருந்த கொள்கை இதுதான் என்றார். மறுவாரமே திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் பெரிய பெரிய பேனர்கள் நின்றன. சாலையில் வண்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே மீனவர் எத்திராஜ் என்று போட்டு, அவன் வெறித்துப் பார்க்கும் படமும் போட்டிருந்தது. பேனரைத் தாங்கிய கம்பங்களை நடைபாதையில் நட்டிருந்ததால் ஜனங்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். பவானி மீன் விற்கும் இடத்தில் எல்லோரும் பேனர்க்காரன் பெண்டாட்டி என்று அவளுக்குத் தனி மரியாதை கொடுத்தார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அளவெடுக்க வந்தார்கள். காலையில் வந்தார்கள், படகெல்லாம் கடலில் இருந்த நேரம். மணல் பட்டையை நீளவாட்டில் அளந்தார்கள், அகலவாட்டில் அளந்தார்கள். நிற்கும் வண்டிகள் எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். நட்டிருந்த துடுப்புகளைப் பார்த்த ஆலோசகர், இது என்ன என்று கேட்க, ஒரு கிழவர் சொன்னார். இல்லாத வண்டிக்கு இடத்தை ஒதுக்கி வைப்பது மிகப் பழமையான பழக்கம், சீர்திருத்தத்துக்கு இதுவே முதல் தடை என்று ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார். கிழவர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

கடைசியாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். தலைவரே குப்பத்துக்கு வருகிறார், பேசுகிறார், சாலையில் இருந்து டிரெய்லர்களை அகற்றும் தேதியை அறிவிக்கிறார் என்று தயாளன் வந்து சொன்னான். எத்திராஜின் வீட்டில் உட்கார்ந்து சுறாப்புட்டு தின்றுகொண்டே சொன்னான். பந்தல் போட மணல் பட்டை ஒன்றுதான் இடம். அதனால் படகுகளை ஒரு நாளைக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஏற்றி வைக்கச் சொன்னான். துடுப்புகளையும் எடுக்கச் சொன்னான்.

துடுப்பு நின்றால் யாருக்கு இடைஞ்சல் என்றான் எத்திராஜ்.

"ஃபோட்டோ புடிக்கிறாங்க மாமு. குச்சி குச்சியா நின்னா கலீஜா தெரியும், நம்ம மேட்டரு எடுபடாது. ஒரே ஒரு நாளு. மீதிய நான் பாத்துக்குறேன், என்னிய நம்பு."

ஊர் கூடியது. பக்கத்துக் குப்பத்தில் ஒரு நாள் இடம் கேட்பது பெரிதில்லை, துடுப்பு விஷயம்தான் யாருக்கும் மனசுக்கு ஒப்பவில்லை. உயிரோடு இருக்கிறவன் துடுப்பைப் பிடுங்குவதாவது என்று பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். ஊர்ப் பெரியவரான நாட்டார் எத்திராஜைப் பார்த்து, "நீ சொல்லு. உன் தோஸ்த்துதானே. உன் வார்த்தைக்குத்தான் ஊரு எடுக்கும்" என்றார்.

எத்திராஜ் டிரெய்லருக்கு அடியில் உருண்ட பவானியை நினைத்தான், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தயாளனை நினைத்தான். நான் பொறுப்பு என்றான். முதலில் தன் துடுப்பைத் தானே பிடுங்கினான். அப்புறம் ஒவ்வொருவரும் பிடுங்கினார்கள். அன்று சாயங்காலம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வருகிறவருக்குக் குறை தெரியக் கூடாதே என்று மறுநாள் விடிந்ததும் மணலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். விருந்தாளி வந்தால் வீட்டை ஒழித்துக் கொடுப்பது அந்தக் குப்பத்தின் சுபாவம். கருமாதிக்கு வந்தவருக்கே கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பவர்கள்.

தலைவர் பேசினார். அந்தப் பேச்சை முழுவதும் கொடுக்க ஆசைதான், தாள் போதாது.

"அன்புள்ள மீனவச் சகோதரர்களே. இந்த ஆணையம் ஒருபோதும் யாருடைய இடத்தையும் எடுக்காது. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தை மட்டுமே எடுக்கும். சொந்தமில்லாத இடம் எது என்பதை ஆணையமே முடிவு செய்யும் என்பதால் நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் எத்திராஜ் கேட்டார், சாலையில் வண்டி நிற்கக் கூடாது என்று. இந்த மாதக் கடைசியில் இருந்து ஒரு வண்டிகூட நிற்காது. எங்கே நிற்கும் என்று அவர் கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. நான் எத்தனையோ ஊர்களில் நிலம் கேட்டிருக்கிறேன். அழுவார்கள், மறிப்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். கேட்பதற்கு முன்பே பெருக்கிக் கோலம் போட்டு வைத்த மக்களை இங்கேதான் பார்க்கிறேன்."

ஒரு வண்டிகூட நிற்காது என்ற இடத்தில் குப்பம் கை தட்ட ஆரம்பித்தது, பேச்சு முடியும்வரை நிறுத்தவில்லை. அதனால் பின்பாதி யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. புகைப்படக்காரர் மேடையை விட்டுவிட்டு வெறும் மணலையே பல கோணத்தில் படம் பிடித்தார். பவானி எல்லோருக்கும் வறுத்த மீன் வைத்தாள். தலைவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தயாளன் மட்டும் வயிறு சரியில்லை என்று ஒன்றும் தொடவில்லை.

மறுநாள் படகுகளைக் கொண்டுவரப் போனபோது, பந்தல் பிரிக்க ஆள் வரவில்லை, ஓரிரு நாள் பொறுங்கள் என்று ஆணையத்தில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் பந்தல் பிரிந்தது, கப்பிக்கல் ஏற்றிய லாரிகள் வந்தன. உங்களுக்குத்தான் நடக்க வசதி என்று மேஸ்திரி சொன்னார். ரோடு ரோலர் ஓட்டியவருக்குப் பெண்கள் மோர் கொடுத்தார்கள். அடுத்த வாரம், பக்கத்துக் குப்பத்தில் இருந்து கடலுக்குப் போன நண்டுமேட்டுப் படகுகள் நிறைய மீனோடு தங்கள் கரையைப் பார்த்துத் திரும்பியபோது, மணல் பட்டை முழுக்க டிரெய்லர்கள் நின்றன. வரிசையாக, அழகாக, மஞ்சள் கோட்டுக்குள் நின்றன. புதினா டின் கட்டிய லாரி முதல் வரிசையில் இருந்தது. அதன் ஓட்டுநர் கடலைப் பார்த்துச் சங்கடத்தோடு கையை ஆட்டினார்.

படகுகளைக் கண்டதும் சீருடை போட்ட ஒருவர் அலையோரம் ஓடிவந்து விசில் ஊதினார். நுழைவாயில் சாலைப் பக்கம், கடல் பக்கமாக வந்தால் அது தவறான திசையில் நுழைவது என்றார். அவர்மேல் தப்பில்லை, அவரை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கையில் வைத்திருந்த தாளைப் பார்த்துவிட்டு, எத்திராஜின் படகை மட்டும் உள்ளே விடலாம், அதற்குத்தான் வாகனமென்று ஆணையத்தில் எண் பதிந்திருக்கிறது, மற்றவை அகற்ற வேண்டிய பொருட்கள் என்றார். இரண்டு டிரெய்லருக்கு நடுவில் ஒரு படகு அளவுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தது உண்மைதான். நாட்டாரின் படகு பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார், எத்திராஜைப் பார்த்தார், இன்ஜினைத் திருப்பினார். மற்றவர்களும் திருப்பினார்கள். எத்திராஜும் திருப்பினான். ஆனால் யாரும் அவனுக்காக வேகத்தைக் குறைக்கவில்லை.

பக்கத்துக் குப்பம் எத்தனை நாள் இடம் கொடுக்கும். அவர்களுக்கும் ஒரு மணல் பட்டைதான். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு வாய்விட்டே சொன்னார்கள். படகுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. எத்திராஜ் தன் படகைக் கல்மேல் ஏற்றப் பார்த்தான், அடிப்பாகம் கிழிந்தது. ஊரில் அவனோடு யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. குழாயடியில் பவானி குடத்தோடு போனால் பேச்சு நின்றுபோனது. அவளைப் பேனர்க்காரன் பெண்டாட்டி என்று இப்போதும் சொன்னார்கள், வேறு குரலில் சொன்னார்கள்.

சாலை மட்டும் வாக்குக் கொடுத்தபடியே காலியாகக் கிடந்தது. ஆணையத்துக்கு மக்கள் பங்கேற்புக்கான விருது கிடைத்தது. விருது வாங்கிய தலைவர், நண்டுமேட்டு மாதிரியை மற்ற கடற்கரைகளுக்கும் கொண்டுபோவதாக அறிவித்தார். பவானி இப்போது யாருக்கும் குனியாமல் சாலையைக் கடக்கலாம். கூடையில்தான் ஒன்றும் இல்லை.

எத்திராஜ் மறுபடி இரண்டு பஸ் மாறிப் போனான். தயாளன் அவனைத் தன் அறைக்கு அழைத்துப் போகவில்லை, கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். மேலிடத்து முடிவு, தன் கையில் ஒன்றும் இல்லை, படம் பார்த்தவுடன் இடம் காலி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றான். எத்திராஜ் அதைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

"துடுப்ப ஏன் எடுக்கச் சொன்ன?" என்றான்.

தயாளன் டீயை ஆற்றினான். "மறந்தே பூட்டேன் மாமு. மெய்யாலுமே. எந்தக் காலத்துக் கத. கம்புதானேன்னு நெனச்சிட்டேன். தெரிஞ்சிருந்தா சொல்லுவனா?"

எத்திராஜ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மறந்துவிட்டான். படித்தவன், தெற்கே உத்தியோகம் பார்ப்பவன், ஆயிரம் வேலை. மறக்கத்தானே செய்வான். பஸ்ஸில் வரும்போதும், வீட்டில் பாயில் கிடந்தபோதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். படகு போனது போனதுதான், ஆனால் கூடப் படித்தவன் தெரிந்தே தன் கையால் அந்தத் துடுப்பைப் பிடுங்கவைத்தான் என்பதை அவனால் தாங்க முடியாது.

பவானி பல நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் சொன்னாள். "மறந்தானா இல்லியான்னு அவன்கைல கேட்டா இன்னா தெரியும். நட்டுப் பாரு, தெரியும்."

தயாளனின் வீடு காலடிப்பேட்டையில் ஒரு குறுகலான தெருவில். வாசல் கதவில் இங்கே வாகனங்களை நிறுத்தாதீர் என்று போர்டு மாட்டியிருந்தது. அவனுடைய மாருதி தினமும் அந்தப் போர்டுக்கு முன்னால்தான் நிற்கும். சுவரோரம் தார் போடாத மண் தரை. சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால் எத்திராஜ் போய், கார் நிற்கிற இடத்தில் தன் துடுப்பை ஆழமாக நட்டுவிட்டு, எதிர்ச்சாரி டீக்கடைப் பெஞ்சில் பவானியோடு உட்கார்ந்தான். தயாளன் அதை எப்படியாவது பிடுங்கி எறிந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டான்.

கார் வந்தது. ஹாரன் அடித்தது. தயாளன் எரிச்சலோடு இறங்கி வேகமாக வந்து துடுப்பின் மேல் கை வைக்கப் போனான். கை பாதியில் நின்றது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். மாடியில் இருந்து அவன் மனைவி, யாரோ கட்டையை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியை விடுங்கள் என்றாள்.

"இருக்கட்டும். அத்தத் தொடாத" என்றான் தயாளன்.

ஏன் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே காரில் ஏறினான். காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்து, துடுப்பை உரசாமல் சுவரோடு சுவராக ஒதுங்கி, ஆறாவது படிக்கிற பையனைப் போல அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் போனான்.

எத்திராஜின் கையில் டீ ஆறிப்போயிருந்தது. "புடுங்கிப் போட்டிருந்தா வூட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்றான். பவானி டீக்குக் காசு கொடுத்தாள்.

அவன் எழுந்து தெருவைக் கடந்தான். இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, ஆட்டி, பிடுங்கினான். தயாளன் வீட்டு வாசலில் அதைப் படுக்க வைத்தான். மாடி ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மாமு என்று கூப்பிடும் குரல் கேட்டது. மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை பயந்த குரலில். பவானி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.